திவால் மனுவுக்கு முன் வீட்டின் விலையை அறிவது எப்படி?

கேள்வி: நியூஜெர்சியில், என் பெயரில் மட்டும் உள்ள வீட்டில் பிள்ளைகளுடன் வசிக்கிறேன். மருத்துவமனைக் கட்டணமும் கிரெடிட் கார்டு கடனும் கட்டி மீள முடியாத அளவுக்கு ஏறிவிட்டதால், சாப்டர் 7 திவால் மனு (சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுத்து, மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் வழி) போடலாம் என்றிருக்கிறேன். வீட்டுக் கடனில் 3,65,000 டாலர் பாக்கி; தவணை தவறியதில்லை. வீட்டின் விலை 4,60,000 என்று ஸில்லோ என்ற வீட்டு விலை இணையதளம் காட்டுகிறது, நகராட்சியின் வரி மதிப்போ 2,90,000தான். மனுவில் எதை எழுதுவது? வீட்டை இப்போதே தம்பி பெயருக்கு மாற்றிவிடச் சொல்கிறார்கள் உறவினர்கள். செய்யலாமா?

பதில்: தம்பி பெயருக்கு மாற்றவே மாற்றாதீர்கள். மனு போடுவதற்கு முந்தைய 2 ஆண்டுகளில் உரிய விலை பெறாமல் கைமாற்றிய சொத்தைத் திரும்பப் பெற, உங்கள் சொத்தைக் கையாள வழக்கில் நியமிக்கப்படும் டிரஸ்டிக்கு அதிகாரம் உண்டு. கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தில் கடைசி ஓராண்டுக்குள் மாற்றியதாகத் தெரிந்தால் கடன் தள்ளுபடியே மறுக்கப்படலாம். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த யோசனை, காப்பாற்றக்கூடிய வீட்டையும் இழக்க வைத்துவிடும்.

இனி விலைக்கு வருவோம். நீங்கள் சொன்ன இரண்டு தொகைகளையும் நம்பி மனுவில் எழுத வேண்டாம். வரி மதிப்பு என்பது நகராட்சி வரி விதிப்பதற்காக வைத்திருக்கும் கணக்கு. பல ஊர்களில் அது சந்தை விலையை விட்டு வெகுதூரம் விலகியிருக்கும். ஸில்லோவின் கணக்கோ உங்கள் வீட்டுக்குள் வந்து பார்க்காதது. நீதிமன்றத்துக்கு வேண்டியது, மனு போடும் நாளில் அந்த வீடு இருக்கும் நிலையில் என்ன விலைக்குப் போகும் என்பதுதான்.

அந்த விலை ஏன் இத்தனை முக்கியம் என்பதை உங்கள் கணக்கிலேயே பார்க்கலாம். குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் ஒரு பகுதியைக் கடன்காரர்கள் தொடாமல் காப்பது குடியிருப்பு விலக்கு. நியூஜெர்சிக்கென்று தனியாக அப்படியொரு விலக்குச் சட்டம் இல்லாவிட்டாலும், கூட்டரசின் விலக்கைப் பயன்படுத்திக்கொள்ள அந்த மாநிலம் அனுமதிக்கிறது; 2025 ஏப்ரல் 1 முதல் போடப்படும் மனுக்களுக்கு அது ஒருவருக்கு 31,575 டாலர். வீடு 4,60,000 போகும் என்றால், கடனையும் விலக்கையும் கழித்தபின் 63,425 மிஞ்சும். விற்பனைச் செலவுக்கு 6 சதவீதம், அதாவது 27,600 போனாலும் 35,825 இருக்கும். அப்படியானால் டிரஸ்டி வீட்டை விற்கவே முனைவார். அதே வீடு 4,20,000தான் போகும் என்றால் மிஞ்சுவது 23,425, விற்பனைச் செலவோ 25,200. விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாத வீட்டில் டிரஸ்டிகள் பொதுவாகக் கை வைப்பதில்லை.

ஆகவே, மாநில உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு எழுத்து வடிவில் மதிப்பீடு வாங்குங்கள். சில நூறு டாலர் செலவாகும். இந்த இடத்தில் அதை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. திவால் வழக்குக்காக என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் வரும்போது வீட்டைச் சீர்ப்படுத்திக் காட்டும் பழக்கத்தை விட்டுவிட்டு, குறைகளை ஒளிக்காமல் காட்டுங்கள்: ஒழுகும் கூரை, பேஸ்மென்ட் சுவரில் ஏறும் ஈரம், அடித்தளத்து விரிசல். பழைய வீடாக இருந்தால், கொல்லையில் மண்ணுக்கடியில் வெப்ப எண்ணெய்த் தொட்டி புதைந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நியூஜெர்சியில் இது அடிக்கடி வரும் சிக்கல், எண்ணெய் கசிந்து மண்ணைச் சுத்தம் செய்ய நேர்ந்தால் வாங்குபவர் விலையை நன்றாகவே குறைப்பார். பழுதுபார்க்க ஆகும் செலவை ஒப்பந்தக்காரரிடம் எழுதி வாங்கி மதிப்பீட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இருக்கும் குறையைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் பொய்யாக விலையைக் குறைப்பது குற்றம், ஏனெனில் மனுவில் எழுதுவதெல்லாம் சத்தியப் பிரமாணத்தின் பேரில் எழுதப்படுவது. டிரஸ்டியும் தம் பங்குக்கு ஒரு வீட்டுத் தரகரை அனுப்பிப் பார்க்கலாம்.

கடன் பாக்கியையும் மாதாந்திர அறிக்கையிலிருந்து எடுக்காமல், கடனை முழுவதும் அடைக்க எவ்வளவு வேண்டும் என்ற கணக்கை வங்கியிடமே எழுத்தில் கேளுங்கள். வீட்டின் பேரில் வேறு கடன் எடுத்திருந்தால் அதுவும் சேர வேண்டும்.

இவையெல்லாம் மனு போடுவதற்கு முன்பே முடிய வேண்டும்; சாப்டர் 7 மனுவைப் போட்டபின் நினைத்த மாத்திரத்தில் திரும்பப் பெற முடியாது, நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். மதிப்பீடு 4,60,000ஐ ஒட்டி வந்தால், நிலையான வருமானம் இருக்கும்பட்சத்தில் சாப்டர் 13 பற்றி வழக்கறிஞரிடம் பேசுங்கள். அதில் வீடு உங்களிடமே இருக்கும். ஆனால் சாப்டர் 7இல் கடன்காரர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய தொகைக்குக் குறையாமல் 3 முதல் 5 ஆண்டுகளில் கட்டித் தீர்க்க வேண்டும். எந்த வழியானாலும் வீட்டுக் கடன் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், விலக்குச் சட்டம் வங்கியின் அடமான உரிமையைத் தடுப்பதில்லை.