டேப்லெட்டில் சிம் வேண்டுமா, வைஃபை மட்டும் போதுமா?

கேள்வி: தென்காசிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். பிளஸ் டூ படிக்கும் மகனுக்கு ஆன்லைன் நீட் வகுப்புக்காக டேப்லெட் வாங்க வேண்டும். தினமும் மாலை 7 முதல் 9 வரை வகுப்பு. சிம் போடும் மாடல், வைஃபை மாடலை விட 4,000 ரூபாய் அதிகம். “சிம் மாடலே வாங்குங்க, சிம்மும் நாங்களே போட்டுத் தர்றோம்” என்கிறார் கடைக்காரர். என் தம்பியோ, “உன் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டா போதும்க்கா” என்கிறான். தெருவில் ஃபைபர் லைன் இருக்கிறது, நாங்கள் இன்னும் எடுக்கவில்லை. எதை வாங்குவது?

பதில்: தம்பி சொன்னதை முதலில் ஒதுக்கிவிடலாம். நீங்கள் நைட் டியூட்டிக்குக் கிளம்பும்போது போனும் உங்களோடு வந்துவிடும். ஏழு மணிக்குப் பையன் டேப்லெட்டைத் திறந்தால் வீட்டில் நெட் இருக்காது. டேப்லெட்டை எடுக்கும் நேரத்தில் ஹாட்ஸ்பாட் தரும் போன் யார் கையில் இருக்கும் என்பதை யோசிக்காமல் வாங்கிவிட்டு, ஒரே மாதத்தில் “மாத்தித் தர முடியுமா?” என்று வருபவர்களை நான் வாரம் ஒருவராவது பார்க்கிறேன். வைஃபை மாடலில் பிறகு சிம் வசதியைச் சேர்க்க வழியே கிடையாது.

ஆனாலும் உங்களுக்கு நான் சொல்வது வைஃபை மாடல்தான். டேப்லெட் வீட்டை விட்டு வெளியே போகப்போவதில்லை. மிச்சமாகும் 4,000 ரூபாயை ஃபைபருக்குப் போடுங்கள். மாதம் 399 ரூபாய்த் திட்டம், 18% ஜிஎஸ்டி சேர்த்து 471 ரூபாய் ஆகும். அதில் கிடைக்கும் 30 எம்பிபிஎஸ் வேகம் வகுப்புக்குத் தாராளம். சிம் என்றால் நாளுக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி. தெளிவான தரத்தில் இரண்டு மணி நேர வீடியோ ஓடினால் கிட்டத்தட்ட அவ்வளவும் தீர்ந்துவிடும். அப்புறம் விட்டுப்போன பாடத்தைப் பார்க்க உட்கார்ந்தால் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

இன்னொரு கணக்கு. சிம் ரீசார்ஜை மாதச் செலவு என்று நினைக்கிறோம். பெரும்பாலான திட்டங்கள் 28 நாள்தான், அதாவது வருடத்துக்குப் பதின்மூன்று முறை கட்டுகிறோம். 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்தாக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-இல் உத்தரவு போட்டது. வைத்தார்கள், ஆனால் கடையில் யாரும் அதை எடுத்துச் சொல்வதில்லை. நெட் மட்டும் தேவைப்படும் டேப்லெட்டுக்கும் பெரும்பாலும் பேசும் வசதியோடு சேர்த்தே பணம் கட்டவைக்கிறார்கள். எத்தனை வருடம் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பது!

ஃபைபரில் ஒரு சங்கடம் உண்டு. கரண்ட் போனால் நெட்டும் போய்விடும். அப்போது சிம் மாடல் மட்டும் ஓடும். இதற்காகவே சிம் மாடல் வாங்கலாமா என்றால், வேண்டாம். மோடத்துக்கென்றே கையடக்க மினி யுபிஎஸ் விற்கிறது, ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மோடத்தின் அடாப்டரில் சின்ன எழுத்தில் 12V என்றோ 9V என்றோ இருக்கும். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய் அதே வோல்ட்டில் கேளுங்கள். மாறினால் மோடம் கெட்டுப்போகும். ஆனால் கரண்ட் போனபோது உங்கள் வீட்டு மோடம் ஓடினால் மட்டும் போதாது. லைன் கொடுக்கும் ஆபரேட்டரின் இடத்திலும் பேட்டரி பேக்கப் இருக்க வேண்டும். இல்லையென்றால் யுபிஎஸ் வாங்கியும் பயனில்லை. பக்கத்து வீட்டில் லைன் இருந்தால், மாதாந்திர மின்தடை அன்று நெட் வந்ததா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஐபேட் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே இதே வித்தியாசம் 15,000 ரூபாய்.

இனி கடை. அட்டைப்பெட்டியில் ‘5ஜி வைஃபை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதற்கும் 5ஜி சிம்முக்கும் சம்பந்தமில்லை. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத்தான் அப்படி எழுதுகிறார்கள். வைஃபை மாடலை சிம் மாடல் விலைக்குத் தள்ளிவிட இது போதும். மாடல் எண்ணைப் பாருங்கள். உதாரணமாக சாம்சங் டேப் ஏ9 பிளஸ்: எக்ஸ்210 என்றால் வைஃபை, எக்ஸ்216 என்றால் 5ஜி. பில்லிலும் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

“சிம்மும் நாங்களே போட்டுத் தர்றோம்” என்றாரே, எனக்குக் கவலை அங்கேதான். எல்லோரும் அப்படி இல்லை. ஆனால் ஆதார் விரல்ரேகையை வாங்கிக்கொண்டு, “சரியா விழலைங்க, இன்னொரு தடவை வைங்க” என்று சொல்லி, உங்கள் பெயரிலேயே இரண்டாவது சிம் எடுத்து வெளியே விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் வந்த ஓர் அம்மாவின் பெயரில் நான்கு எண்கள் இருந்தன. அதில் இரண்டை அவர் கேள்விப்பட்டதே இல்லை. திரையைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது அவருக்கு. அந்த எண்ணில் ஒருவன் மோசடி செய்தால் போலீஸ் முதலில் தேடி வருவது பெயருக்கு உரியவரைத்தான். சிம் கொடுத்தவனைப் பிடிப்பதை விட்டுவிட்டு, “நீங்களே பார்த்துப் புகார் கொடுங்கள்” என்று ஏமாந்தவர் தலையில் கட்டுகிற ஏற்பாடு இது. வேறு வழியும் இப்போதைக்கு இல்லை.

டேப்லெட் எதை வாங்கினாலும் சரி, இன்றைக்கே சஞ்சார் சாத்தி அரசுத் தளத்துக்குப் போய் உங்கள் போன் எண்ணைப் போடுங்கள். ஓடிபி வரும். அதைக் கொடுத்தால் உங்கள் பெயரில் உள்ள எண்கள் வரிசையாகத் தெரியும். தெரியாத எண் இருந்தால் ‘என் எண் அல்ல’ என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டு, வருகிற புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யார் பெயரிலாவது சிம் இருந்தால் அவர்களுடையதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.