குரல் தாங்குமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் நோர்வூட்டுக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவள். ஹட்டனில் உயர்தரம் முடித்த பின், கொழும்பில் வேலை செய்துகொண்டே மேலைச் சங்கீதம் படித்தேன். இலண்டனில் ஓராண்டு இசைநாடகப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. செப்டெம்பரில் தொடங்குகிறது. பாட்டு, நடனம், நடிப்பு என்று வாரம் முழுவதும் காலை முதல் மாலை வரை வகுப்புகள் இருக்குமாம். என் குரல் தாங்குமா? என் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களா? கடன் வாங்கிப் போவது சரிதானா? நாடகம் என்றால் என்னவென்றே தெரியாத இடத்திலிருந்து போகிறேன். (அப்பா தோட்டத்தில் ஆடும் காமன் கூத்தில் மன்மதன் மனைவி ரதியின் வேடம் கட்டுவார். அது வேறு விஷயம்.) போவதற்கு முன் நான் என்ன செய்ய வேண்டும்? பெயர் வேண்டாம்.

அன்புள்ள மகளுக்கு,

இடம் கிடைத்ததற்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். கடனைப் பற்றி நீங்களும் வீட்டாரும்தான் பேசி முடிவெடுக்க வேண்டும். இலண்டனில் பாடக் கட்டணத்தோடு செலவு நின்றுவிடாது, அறை வாடகையும் சாப்பாடும் அதற்குச் சளைத்தவை அல்ல என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். உச்சரிப்பைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். பாத்திரத்துக்கு ஏற்றபடி அமெரிக்க ஆங்கிலமும் இங்கிலாந்து ஆங்கிலமும் பேசுவதற்கு அங்கே பிறந்த பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுக்கிறார்கள். பாலே நடனத்தின் அடிப்படையைக் கொழும்பிலேயே தொடங்கிவிடுங்கள். ஜாஸ், டாப் நடனங்களை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுத உட்கார்ந்தது இவற்றுக்காக அல்ல. அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒளித்து வைத்த அந்த இரண்டு வாக்கியங்களுக்காக. கடந்த மாசியில் கூத்துப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். "அது வேறு விஷயம்" என்று எப்படி எழுத மனம் வந்தது? அப்பா ரதி வேடம் கட்டி, சலங்கையோடு இரவு முழுக்கப் பாடி ஆடுவதைப் பார்த்து வளர்ந்த பெண், நாடகம் தெரியாத இடத்திலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு இலண்டனில் போய் இறங்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்தப் பயிற்சியில் முதல் வாரத்திலேயே ஒன்றைச் சொல்லித் தருவார்கள்: பாட்டு கதையை நிறுத்தக் கூடாது, நகர்த்த வேண்டும், பாடத் தொடங்கியபோது இருந்த நிலையில் பாத்திரம் பாடி முடிக்கும்போது இருக்கக் கூடாது. 1943இல் நியூயோர்க்கில் மேடையேறிய 'ஓக்லஹோமா!' என்ற இசைநாடகத்தைத்தான் இதற்கு ஒரு திருப்புமுனையாக அவர்கள் எடுத்துக் காட்டுவது வழக்கம். இனி உங்கள் அப்பா பாடும் தர்க்கத்தை, அதாவது ரதியும் மன்மதனும் பாட்டாலேயே வாதாடும் கட்டத்தை, நினைத்துப் பாருங்கள். சிவனின் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். போகாதே என்று ரதி மறிக்கிறாள். அவள் ஒரு அடி பாட, அவன் ஒரு அடி மறுத்துப் பாட, கெஞ்சலாகத் தொடங்கியது கோபமாகி, கோபம் ஓய்ந்து, கடைசியில் அவன் போகத்தான் போகிறான் என்பது அவளுக்கும் பார்த்திருக்கும் சனத்துக்கும் ஒரே நேரத்தில் விளங்குகிறது. பேச்சாலல்ல, பாட்டாலும் தப்பு மேளத்தின் அடியாலும் காலாலும் அது நடக்கிறது. எந்தப் பாடமும் படிக்காமல் நம் தோட்டங்களில் ஆண்டுதோறும் இதைச் செய்கிறார்கள்.

கூத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. விடியும்போது கூத்தாடியின் குரல் கட்டிப்போயிருக்கும். அதையே அவர் உழைப்புக்குச் சான்றாகச் சொல்லி மகிழ்வோம். ஆண்டில் ஓரிரவு ஆடுகிறவர் அடுத்த வாரம் முழுக்கக் கரகரத்த தொண்டையோடு வேலைக்குப் போகலாம். இலண்டனின் பெரிய அரங்குகளில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். புதன்கிழமை போன குரல் வியாழக்கிழமை திரும்பி வந்தாக வேண்டும் என்பதால், மூச்சை எங்கிருந்து எடுப்பது, நெஞ்சுக் குரலை மேலே கொண்டு போகும்போது தொண்டையை இறுக்காமல் இருப்பது எப்படி, பாடுவதற்கு முன்னும் பின்னும் குரலை எப்படிப் பதப்படுத்துவது என்பதையெல்லாம் அவர்கள் கணக்காக வகுத்து வைத்திருக்கிறார்கள். குரல் தாங்குமா என்று கேட்டீர்கள். தாங்க வைப்பதற்குத்தான் போகிறீர்கள். நம்மிடம் இல்லாதது நாடகமல்ல, இந்தப் பராமரிப்பு.

இன்னொன்றும் நம்மிடம் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன். என் அத்தை ஒருத்திக்கு ரதியின் பாட்டு அத்தனையும் மனப்பாடம். கொழுந்து பறிக்கும்போது மலையில் பாடுவாள். கூத்து நடக்கும் இரவில் படங்குச் சாக்கில் பெண்களோடு உட்கார்ந்திருப்பாள். ரதி வேடம் கட்டிய ஆண் வரியை மறந்து தடுமாறினால், அங்கிருந்தே அடியெடுத்துக் கொடுப்பாள். அவர் பிடித்துக்கொண்டு ஆடுவார். அவள் காலில் எவரும் சலங்கை கட்டவில்லை. சிவன் மன்மதனை எரித்த பின் விதவைக் கோலத்தில் ரதி புலம்பும் கட்டத்தில் முழுத் தோட்டமும் அழும். அந்தப் புலம்பலைப் பெண் ஒருத்தி மேடையில் பாடி என் சிறுவயதில் நான் கேட்டதேயில்லை. உங்களையும் இரசிக்கத்தான் விட்டிருப்பார்கள், ஆட விட்டிருக்க மாட்டார்கள். "வேறு விஷயம்" என்று நீங்கள் எழுதியது அதனால்தானோ என்று, திட்டி முடித்த பிறகுதான் எனக்குத் தோன்றுகிறது.

சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர ஜப்பானில் நோ, கபுக்கி அரங்குகளைப் பார்த்துத் திரும்பியதால்தான் 1956இல் அவருடைய 'மனமே' நாடகம் உருவானது என்பார்கள். பாதி உண்மை. தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்த நாடகம என்ற சிங்களப் பாட்டுக் கூத்தைக் கையில் வைத்திருந்த ஆசான், அம்பலாங்கொடை சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே அப்போது உயிரோடிருந்தார். அவர் இல்லாவிட்டால் ஜப்பான் போய் வந்தும் என்ன செய்திருக்க முடியும்? இலண்டன் போகும் உங்களுக்கு அந்தக் குருன்னான்சே உங்கள் அப்பாதான்.

ஆகவே, போவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். தோட்டத்துக்குப் போய் அப்பாவிடம் ரதியின் பாட்டு முழுவதையும், தர்க்கம் முதல் புலம்பல் வரை, கற்றுக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்வது மட்டும் போதாது. அவர் முன்னால் நின்று பாடி, பிழை திருத்தி வாங்க வேண்டும். மேலைச் சங்கீதம் படித்த உங்களுக்குச் சுரக்குறிப்பு எழுதத் தெரிந்திருக்கும். அதிலும் எழுதி வையுங்கள். பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்று அப்பா மறுக்கக்கூடும். மறுத்தால் அவருடைய தொலைபேசி இலக்கத்தை எனக்கு அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.