பதில் வருவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 27. சொந்த ஊர் கரூர். சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் எப்படி நடக்கிறது என்று ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுக்கும் குழுவில் இருக்கிறேன். பொதுக்கொள்கையில், அதாவது அரசுத் திட்டங்களை வகுப்பதும் அலசுவதும் பற்றிய படிப்பில், முதுகலை படிக்க அமெரிக்காவில் ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு டிசம்பரில் விண்ணப்பித்தேன். ஒன்றில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றில் வெயிட் லிஸ்ட். ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் ஸ்காலர்ஷிப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் மிகவும் ஆசைப்படும் இரண்டு இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மெயில் பார்க்கிறேன். ஆபீஸில் வேலை ஓடவில்லை. கரூர் வீட்டை அடமானம் வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார் அப்பா. "இந்த வருஷம் போகலேன்னா மாப்பிள்ளை பார்க்கலாமா?" என்கிறார் அம்மா. பதில் வரும்வரை நாளைத் தள்ளுவது எப்படி?

- பெயர் வேண்டாம், சென்னை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த இரண்டு மணி விஷயத்தைப் பேசிவிடுவோம். நீங்கள் காரணமில்லாமல் விழிக்கவில்லை. மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். அதன் பிறகு பாஸ்டனும் வாஷிங்டனும் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே ஆபீஸ் முடிகிற மாலை ஐந்து மணி, நமக்கு அதிகாலை இரண்டரை. சிகாகோ என்றால் மூன்றரை. முடிவுகள் பெரும்பாலும் நாம் தூங்க வேண்டிய நேரத்தில்தான் வெளியாகும். ஆனால் அந்த மெயிலை இரண்டரைக்குப் படித்தாலும் ஏழு மணிக்குப் படித்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். நாலரை மணி நேரம் தாமதமாகப் பார்த்ததற்காக யாருடைய இடமும் பறிபோனதில்லை. போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுங்கள். காலையில் பல் விளக்கி, காபி குடித்த பிறகு ஒரு தடவை பாருங்கள். ஞாயிறும் திங்களும் காலையில் பார்க்கவே வேண்டாம். அங்கே வார விடுமுறை.

அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கொஞ்சம் மனம் ஆறும். பேராசிரியர்களும் அட்மிஷன் அலுவலர்களும் உங்கள் மதிப்பெண், கட்டுரை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்திருப்பார்கள். பொதுக்கொள்கை படிப்பில் முதல் வருடமே புள்ளியியலும் பொருளாதாரமும் வரும். அதனால் கணக்கில் இந்தப் பெண் தாக்குப்பிடிப்பாளா என்று தனியாகப் பார்ப்பார்கள். அதற்கு அப்புறம்தான் வகுப்பைச் சேர்த்துக் கட்டுவது: எந்தெந்த நாட்டிலிருந்து எத்தனை பேர், அரசு வேலையிலிருந்து எத்தனை பேர், தொண்டு நிறுவனங்களிலிருந்து எத்தனை பேர் என்று. உங்களை மறுத்த இடத்திலும் உங்கள் விண்ணப்பத்தைப் பிடித்துப்போன ஒருவர் இருந்திருக்கலாம். ஸ்காலர்ஷிப்பை வேறொரு குழு பிறகு உட்கார்ந்து முடிவு செய்யும் இடங்களும் உண்டு. ஆகவே பதில் வராததை வைத்து ஒரு அர்த்தமும் பண்ணிக்கொள்ளாதீர்கள். டிசம்பரில் நீங்கள் அனுப்பிய ஃபைல் மூடியாகிவிட்டது. அதில் இனி உங்களால் ஒரு வரி மாற்ற முடியாது.

உங்கள் கையில் இருப்பது வேறு ஒன்று. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அதுவும் அப்பா வாயிலிருந்து வந்த வரி. அதுதான் என்னை உறுத்துகிறது. எவ்வளவு கடன் வரை போகலாம் என்பதை நீங்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை. அதை இப்போதே, பதில் வருவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும்.

ஏன் முன்பே என்று கேட்பீர்கள். என் அக்கா மகளுக்கு இதே படிப்புக்கு ஒரு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அன்று ராத்திரி தெரு முழுக்க லட்டு கொடுத்தார் என் அத்தான். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போனது. ஒரு வாரம் கழித்து வங்கிக்குப் போனோம். மேலாளர் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்து, ஒரு துண்டுத்தாளில் மாதத் தவணையை எழுதி மேசைமேல் எங்கள் பக்கம் நகர்த்தினார். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். யாரும் பேசவில்லை. ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு வேண்டாம் என்று சொல்ல அந்தப் பெண் பட்ட பாடு, இடமே கிடைக்காமல் போயிருந்தால் பட்டிருக்கும் பாட்டைவிடப் பெரியது. கடைசியில் அங்கே போகவில்லை. அடுத்த வருடம் பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்த வேறொரு இடத்துக்குப் போனாள்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவின் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்த்து வருடத்துக்கு 80,000 டாலர் என்பது சாதாரணம். ஒரு லட்சம் டாலரைத் தொடுகிற இடமும் உண்டு. டாலருக்கு 85 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 80,000 டாலர் என்பது 68 லட்சம். படிப்பு இரண்டு வருடம். ஆக ஒரு கோடியே 36 லட்சம். இதில் 60 லட்சத்தை மட்டும் 11 சதவீத வட்டியில், பத்து வருடத்தில் கட்டுவதாகக் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 82,600 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறுகிற வட்டி இதில் சேரவில்லை. இதே வட்டிக்கு 20 லட்சம் என்றால் தவணை சுமார் 27,500. இந்தியாவில் ஒரு கொள்கை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தால் என்ன சம்பளம் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு தவணையையும் அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

"அங்கேயே கொஞ்ச வருஷம் வேலை பார்த்து அடைத்துவிடுவேன்" என்று நினைக்கலாம். அந்த வழி இப்போது குறுகியிருக்கிறது. அமெரிக்க மத்திய அரசு வேலைகள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கே. உங்கள் துறையில் வெளிநாட்டவர் போய்ச் சேர்ந்த ஆலோசனை நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் பல, வெளிநாடுகளுக்கு உதவி தந்த அமெரிக்க அரசு அமைப்பான யுஎஸ்எய்டின் பணத்தில் ஓடியவை. அந்த அமைப்பு 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. அனுபவமுள்ள ஆயிரக்கணக்கானவர்கள் அதே வேலைகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். படிப்பு முடிந்து அங்கே வேலை பார்க்க மாணவர் விசாவில் பொதுவாக 12 மாதம் அனுமதி உண்டு. படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மட்டும் இன்னும் 24 மாதம் கூடும். பொதுக்கொள்கைப் படிப்புகளில் சில அந்தப் பட்டியலில் உண்டு, சில இல்லை. உங்களுக்கு இடம் தந்த இடத்துக்கு இன்றே எழுதிக் கேளுங்கள். அங்கிருந்து இதற்கு உடனே பதில் வரும்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஸ்காலர்ஷிப் இல்லாத இடத்துக்குக் கரூர் வீட்டை வைத்துப் போகாதீர்கள். எம்.பி.ஏ. படித்துப் பெரிய கம்பெனிக்குப் போகிறவர் அந்தக் கடனை வேறு கணக்கில் எடுக்கலாம். நீங்கள் பள்ளிக்கூடத்துச் சமையலறைக்குத் திரும்பி வர நினைக்கிறவர். அவ்வளவு கடனோடு வந்தால் அந்த வேலைக்கு உங்களால் திரும்ப முடியாது. எங்கே சம்பளம் அதிகமோ அங்கேதான் போக வேண்டியிருக்கும். அப்பாவின் அன்பு பெரியதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் சொன்னது பெண் தூங்காததைப் பார்த்துத் தாங்காமல் சொன்னது. இந்த வாரம் ஊருக்குப் போய், அவரோடு உட்கார்ந்து, பாஸ்புக்கையும் இந்தக் கணக்கையும் வைத்துக்கொண்டு ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அதற்குமேல் ஒரு ரூபாய் போனாலும் இல்லை என்று எழுதியே வையுங்கள். கையில் ஒரு எண் இருந்தால், வருகிற கடிதம் எதுவானாலும் என்ன செய்வதென்று தெரிந்துவிடும். தூக்கமும் அப்போது கொஞ்சம் வரும்.

பணத்துக்கு வேறு கதவுகளும் இருக்கின்றன. ஜே.என். டாடா அறக்கட்டளை 1892-லிருந்து வெளிநாடு போகிறவர்களுக்குக் கடன் உதவித்தொகை தருகிறது. கே.சி. மஹிந்திரா அறக்கட்டளை வட்டியில்லாக் கடன் தருகிறது. இன்லாக்ஸ் அறக்கட்டளையின் உதவித்தொகை இருக்கிறது. இவற்றுக்கு விண்ணப்பிக்கும் காலம் பெரும்பாலும் நீங்கள் மெயில் பார்த்துக் கழிக்கிற இதே மாதங்கள்தான். தேதிகளை இன்று ராத்திரியே பாருங்கள். பொதுக்கொள்கைப் பள்ளிகளிலும் தாராளமான இடங்கள் உண்டு. பிரின்ஸ்டன் சிறிய வகுப்பு, ஆனால் சேர்கிற கிட்டத்தட்ட எல்லோருக்கும் கட்டணத்தைத் தானே ஏற்கிறது. நீங்கள் காத்திருக்கிற இரண்டில் அது ஒன்றா என்று நீங்கள் எழுதவில்லை.

இடம் தந்த பல்கலைக்கழகத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். "உங்களிடம் படிக்க மிகவும் விரும்புகிறேன், ஆனால் நிதியுதவி இல்லாமல் வர முடியாத நிலை. என் விண்ணப்பத்தை உதவித்தொகைக்குப் பரிசீலிப்பீர்களா?" என்று மரியாதையாக ஒரு மெயில் எழுதுங்கள். வேறு இடம் ஏதாவது பணத்தோடு கிடைத்தால் அதையும் குறிப்பிடுங்கள். இந்தப் பள்ளிகளில் இப்படிக் கேட்பது வழக்கம்தான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் வீடுகளில் பணம் கேட்பதற்குக் கூச்சப்பட்டே வளர்த்துவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் அதை விட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 15 என்ற தேதி உங்கள் காதில் விழுந்திருக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது. நிதியுதவியோடு இடம் கொடுத்தால், அந்தத் தேதிக்கு முன் முடிவு சொல் என்று மாணவரை நெருக்கக் கூடாது. எல்லாப் பல்கலைக்கழகமும் இதில் சேரவில்லை, பணமில்லாத இடத்துக்கு இது பொருந்தாது. உங்கள் கடிதத்தில் என்ன தேதி போட்டிருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கணக்கு. சேர்வதற்கு முன்பணம் கட்டச் சொன்னால், திரும்பத் தருவார்களா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள்.

வெயிட் லிஸ்ட் நகர்வது பெரும்பாலும் அந்த ஏப்ரல் நடுவுக்குப் பிறகுதான். மற்றவர்கள் வேண்டாம் என்ற பிறகே உங்களுக்கு இடம். சில சமயம் ஜூன் வரைகூட இழுக்கும். அதற்கு அப்புறம் மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டும், முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டாமல் அதையும் தர மாட்டார்கள். விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்க வேண்டும். இந்த அவசரத்தை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிட் லிஸ்டில் வைத்த பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் போடலாம். ஒரு பக்கம் போதும். டிசம்பருக்குப் பிறகு உங்கள் வேலையில் புதிதாக என்ன நடந்தது என்பது மட்டும் அதில் இருக்கட்டும். வாரம் ஒரு மெயில் போட்டு எங்கே நிற்கிறேன் என்று கேட்காதீர்கள்.

புதிதாக எழுத ஏதாவது இருக்க வேண்டுமே. ஆபீஸில் வேலை ஓடவில்லை என்று நீங்கள் எழுதியதை இங்கேதான் எடுக்கிறேன். நீங்கள் கணக்கெடுக்கிற திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது 1,545 பள்ளிகள். அடுத்த வருடமே மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அவ்வளவு வேகமாக விரிகிற ஒரு திட்டத்தில், எந்த ஊரில் உப்புமா ஆறிப்போய் வருகிறது, எந்த ஊரில் சமைக்கிற மகளிர் குழுப் பெண்கள் எத்தனை மணிக்கு எழ வேண்டியிருக்கிறது, எந்தப் பிள்ளை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்து தட்டைத் தள்ளுகிறது என்று நேரில் பார்த்து எழுத ஆள் வேண்டும். எனக்குத் தெரிந்து பொதுக்கொள்கை என்பதே அதுதான். அடுத்த களப்பயணத்தில் பெயரைக் கொடுங்கள். அறிக்கையில் பாக்கி இருக்கும் பகுதியை எழுதி முடியுங்கள். வெயிட் லிஸ்ட் கடிதத்தில் போட அதைவிட நல்ல செய்தி வேறு கிடையாது. காலை ஐந்தரைக்கு ஒரு கிராமத்துப் பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி, இரண்டு மணிக்கு விழிப்பு வராது.

இந்த வருடம் எதுவும் ஒத்துவரவில்லை என்றால்? அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம். இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சில வருடம் வேலை பார்த்தவர்கள்தான். 28 வயதில் போனால் யாரும் ஏன் தாமதம் என்று கேட்க மாட்டார்கள். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் பொதுக்கொள்கை முதுகலை இருக்கிறது. நம் மாநிலத்திலேயே முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இருக்கிறது. நீங்கள் இப்போது வெளியிலிருந்து பார்க்கிற அரசாங்கத்தை உள்ளே இருந்து பார்க்கலாம். அமெரிக்கா கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசு என்று இவற்றை நினைக்காதீர்கள்.

அம்மாவின் கேள்விக்கு: மாப்பிள்ளை பார்ப்பது உங்களுக்கு விருப்பம் இருந்தால் பார்க்கட்டும், இல்லை என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அட்மிஷனோடு அதை முடிச்சுப் போட விடாதீர்கள். இடம் கிடைக்காததற்குத் தண்டனைபோல ஒரு கல்யாணம் நடக்கக் கூடாது. "மே மாசம் வரைக்கும் இந்தப் பேச்சு வேண்டாம்மா" என்று தெளிவாகச் சொன்னால் பெரும்பாலான அம்மாக்கள் கேட்பார்கள். அத்தைகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும் "அந்தப் படிப்பு ஐ.ஏ.எஸ். மாதிரியா? கிடைச்சுதா?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு "ஏப்ரல்ல தெரியும்" என்ற ஒரே பதில் போதும்.

கடைசியாக ஒன்று. உங்களுக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதிய மூன்று பேருக்கும் இதுவரை வந்த முடிவுகளைச் சொன்னீர்களா? மறுத்த இடம், வெயிட் லிஸ்ட், கிடைத்த இடம் என்று எல்லாவற்றையும் நாலு வரியில் எழுதி, நன்றி சொல்லி அனுப்புங்கள். ஸ்காலர்ஷிப்புக்கு எப்படி எழுதுவது என்று அவர்களில் ஒருவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.