ஆறு மாச அட்வான்ஸை அனுப்பாதே, கண்ணு

கண்ணு, ஏப்ரல்ல நீயும் மாப்பிள்ளையும் டொராண்டோ வர்றீங்கன்னு எழுதியிருந்ததைப் படிச்சுட்டு உங்க மாமாவும் நானும் ராத்திரி வெகுநேரம் அதையே பேசிட்டிருந்தோம். நாலு விஷயம் கேட்டிருக்கறே. குளிருக்குத் துணிமணி கோயமுத்தூர்லயே வாங்கிக்கறதா, கோபியிலிருந்து என்னென்ன சாமான் கட்டிட்டு வரலாம், பனி பழகிடுமா. நாலாவது, இங்க இருக்கற நம்ம ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருத்தர் அவரு வீட்டு பேஸ்மென்ட்டை, அதான் தரைக்கு அடியில இருக்கற தளத்தை, வாடகைக்குத் தர்றேங்கறாரு, ஆறு மாச அட்வான்ஸ் இப்பவே அனுப்பச் சொல்றாரு, அனுப்பலாமா. மொத மூணும் வந்து பார்த்துக்கற சங்கதி. நாலாவதுக்குப் பதில்: அனுப்பாதே. ஒரு டாலர் கூட அனுப்பாதே.

கனடாவுல டொராண்டோ இருக்கற ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி குடிவர்றவங்ககிட்ட வீட்டுக்காரர் டெபாசிட்டா கேக்கக்கூடியது கடைசி மாச வாடகை ஒண்ணுதான். சாவிக்குன்னு சின்னத் தொகை வாங்கலாம், காலி பண்றப்ப அதைத் திருப்பிக் குடுத்துடணும். செவுத்துல கறை படும், அடுப்பு கெட்டுப்போகும்னு சேதாரத்துக்காகப் பணம் பிடிச்சு வைக்கறதுக்கே இடமில்லை. அந்தக் கடைசி மாசப் பணத்துக்கும் வருசா வருசம் வட்டி தரணும். நம்ம ஊர்ல பத்து மாச அட்வான்ஸ் குடுத்தே பழகினவங்க நாம. அதனால ஆறு மாசம்னதும் பரவால்லையே, குறைச்சலாத்தான் கேக்கறாருன்னு தோணுது. அதைத் தெரிஞ்சுதான் உன்கிட்டக் கேக்கறாரு. இங்கயே பொறந்து வளர்ந்த ஒருத்தர்கிட்ட இதே வார்த்தையை அவரு எடுக்கவே மாட்டாரு.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் வருதுன்னா, நாங்க பட்டிருக்கறோம். ஜனவரியில வந்து இறங்கினோம், எங்க பையன், உன் மச்சானுக்கு அப்ப மூணு வயசு. உங்க மாமாவுக்குத் தெரிஞ்சவருக்குத் தெரிஞ்சவர், ஈரோட்டுப் பக்கத்துக்காரர், ஏர்போர்ட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போனாரு. சொந்தம் மாதிரிப் பேசினாரு. கீழ ஒரு ரூமு, ஒரு அடுப்பு. கையகலச் சன்னல், அதையும் பாதி பனி மூடியிருக்கும். சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிக்கும். ஹீட்டரோட பட்டன் மேல அவங்க வீட்டுல. அவங்க வேலைக்குப் போறப்ப குறைச்சுட்டுப் போயிடுவாங்க, நானும் குழந்தையும் கம்பளியைப் போத்திக்கிட்டு அடுப்புப் பக்கத்துலயே உக்காந்திருப்போம். டொராண்டோவுல குளிர்காலத்துல வாடகை வீட்டுக்குள்ள 21 டிகிரிக்குக் குறையக் கூடாதுன்னு நகராட்சி விதியே இருக்குது. அப்ப எங்களுக்கு அதை யாரு சொன்னாங்க?

அந்தக் காலத்துல புதுசா வந்தவங்களுக்கு அரசாங்க மருத்துவக் காப்பீடு கிடைக்க மூணு மாசம் காத்திருக்கணும். பையனுக்குக் காய்ச்சல் கண்டா நெத்தியில ஈரத்துணியைப் போட்டுட்டு பண்ணாரியம்மனைக் கும்பிட்டுட்டு உக்காந்திருந்த ராத்திரியெல்லாம் உண்டு. அந்தக் காத்திருப்பை 2020 மார்ச்சுல எடுத்துட்டாங்க, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. நல்லதாப் போச்சு.

காலி பண்றப்ப அந்த ஆள் எங்க அட்வான்ஸைத் தரலை. தாளிச்சுத் தாளிச்சு செவுரெல்லாம் வாசம் ஏறிப்போச்சு, பெயின்ட் அடிக்கணும்னாரு. அவரு வீட்டுல மட்டும் தாளிக்கறதில்லையா? ரொக்கமாக் குடுத்த பணம், ரசீது கிடையாது. "நமக்குள்ள எதுக்குங்க சீட்டு"ன்னு அவரு சொன்னப்ப உங்க மாமா மேற்கொண்டு எதுவும் பேசலை. இந்த மாதிரி வழக்குக்குன்னே தனித் தீர்ப்பாயம் இருக்குது, ஒரு வருசத்துக்குள்ள மனுப் போட்டா பணத்தைத் திரும்ப வாங்கலாம். அதை எங்களுக்கு ஒருத்தர் சொல்றதுக்குள்ள அந்த ஒரு வருசமும் தாண்டிப் போச்சு.

"நமக்குள்ள எதுக்குச் சீட்டு"ன்னு உன்கிட்ட யாராவது சொன்னா, நம்ம கல்யாண வீட்டு மொய் நோட்டை நெனச்சுக்கோ. கூடப்பொறந்த அண்ணன் வெச்ச 101 ரூபாயா இருந்தாலும் ஊரு, பேரு, தொகை எல்லாம் எழுதித்தான் வாங்குவாங்க. அதுல யாரும் கோவிச்சுக்கிட்டது இல்லை. அப்படி எழுதி வாங்கற ஜனம் நாம, இங்க வந்து ஆயிரக்கணக்கான டாலரை எழுத்தில்லாம எதுக்குக் கைமாத்தணும்?

அதனால, எந்த வீடா இருந்தாலும் மாகாண அரசாங்கத்தோட ஒப்பந்தப் படிவத்துலதான் கையெழுத்துப் போடணும். 2018 ஏப்ரல் 30-லிருந்து போடற பெரும்பாலான வாடகை ஒப்பந்தத்துக்கு அதான் கட்டாயம். ரசீது கேட்டாக் காசு வாங்காமக் குடுத்தாகணும். சின் நம்பரை, அதான் வேலைக்கும் வரிக்கும்னு அரசாங்கம் ஒவ்வொருத்தருக்கும் தர்ற ஒன்பது இலக்க நம்பர், வீட்டுக்காரர் கேட்டாலும் குடுக்க வேண்டிய அவசியமில்லை. வரி ஆபீஸ்ல இருந்து பேசறோம், போலீஸ் வருதுன்னு போன்ல மிரட்டறவனுக்கும் அதைச் சொல்லிடாதே. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்குதான்னு மேல பாரு.

இன்னொண்ணு, இது நிறையப் பேருக்குத் தெரியறதில்லை. வீட்டுக்காரர் குடும்பத்தோட சமையலறையோ பாத்ரூமோ பொதுவாப் புழங்கற மாதிரி இருந்தா, குடியிருக்கறவங்களைக் காப்பாத்தற அந்தச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது. வாடகை கொஞ்சம் எச்சா ஆனாலும் தனி அடுப்பு, தனி பாத்ரூம் இருக்கற வீடாப் பாருங்க. புதுசா வந்தவங்களுக்கு இங்கத்த கடன் மதிப்பெண், அதான் கடனை ஒழுங்காக் கட்டறாங்களான்னு காட்டற கணக்கு, இருக்காது, அதனால முன்பின் தெரியாத வீட்டுக்காரர் தயங்குவாரு. நம்ம ஆளுங்க தெரிஞ்சவங்க மூலமாவே போய் மாட்டறது அதனாலதான். மாப்பிள்ளையோட வேலைக் கடிதத்தையும் பேங்க் கணக்கையும் காட்டினா ஒத்துக்கறவங்க இருக்காங்க. பத்து வீடு பார்த்தா ரெண்டு அமையும்.

நம்ம ஊர்க்காரங்க எல்லாரையும் நான் குறை சொல்லலை, கண்ணு. ஆனா லீவுக்கு வந்து அவினாசி ரோட்டுக் கல்யாண மண்டபத்துல நின்னுக்கிட்டு "அங்க எல்லாமே சொர்க்கம்"னு சொல்றவங்க மேல எனக்குக் கோவம் இருக்குது. அவங்களும் பேஸ்மென்ட்ல இருந்து வந்தவங்கதான். அதைச் சொல்லியிருந்தா பின்னாடி வர்றவங்க உசாராகியிருப்பாங்க. கௌரவத்துக்காக வாயை மூடிக்கறாங்க.

எங்களுக்குக் கை குடுத்தது யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தங்க. 83 கலவரத்துக்கு அப்புறம் எல்லாத்தையும் விட்டுட்டு வந்த குடும்பம். பஸ் நிறுத்தத்துல குழந்தையோட நான் நடுங்கிட்டு நின்னதைப் பார்த்துட்டு, தன் வீட்டுல இருந்து ஒரு கோட்டு எடுத்துட்டு வந்து என் மேல போட்டுவிட்டாங்க. அன்னைக்கே இடியாப்பமும் சொதியும் போட்டாங்க. நம்ம சந்தகையையும் தேங்காப்பாலையும் சாப்பிட்ட மாதிரியே இருந்துச்சு, தட்டைப் பார்த்தே அழுதுட்டேன். வீடு பார்த்துக் குடுத்தது, பிரெட் பாக்டரியில எனக்கு ராத்திரி வேலைக்குச் சொல்லிவிட்டது எல்லாம் அவங்கதான். இன்னைக்கு டொராண்டோவோட கிழக்குப் பக்கம் ஸ்கார்பரோவுல முருங்கைக்காயும் வாழைப்பூவும் கறிவேப்பிலையும் கடையில கிடைக்குதுன்னா, அந்த ஜனங்க கட்டி வெச்ச ஊருங்கறதாலதான். அவங்க பேச்சைக் கிண்டல் பண்ற நம்ம ஆளுங்க யாராவது கூட உக்கார நேர்ந்தா எந்திரிச்சு வந்துடு.

பாக்டரியில இருந்துகிட்டே படிச்சுக் கணக்கு வேலைக்கு மாறினேன். இப்ப மைனஸ் இருபதுலயும் 401 நெடுஞ்சாலையில நானே கார் ஓட்டிட்டுப் போறேன். வாசல் பனியை நானேதான் அள்ளறேன். எங்க வீட்டு பேஸ்மென்ட்ல இப்ப ஒரு நேபாளத்துப் பையன் குடியிருக்கறான். மாசம் பொறந்தா அவனுக்கு ரசீது போயிடும், வட்டியும் வருசம் தவறாமக் குடுத்துடறேன், ஹீட்டர் பட்டன் அவன் ரூம்லயே இருக்குது. அதை அப்படித்தான் வைக்கணும்னு மின்சாரக்காரர்கிட்ட நின்னு செய்ய வெச்சேன்.

சரி, மத்ததும் சொல்லிடறேன். ஜாக்கெட் அங்க வாங்காதே, இந்தக் குளிருக்கு அது பத்தாது. கொள்ளும் அரிசியும் இங்க கிடைக்கும், நாட்டுச்சக்கரை மட்டும் ரெண்டு கிலோ கொண்டா. சந்தகை மிஷின் வேண்டாம், என்கிட்ட இருக்குது. மாப்பிள்ளை லைசென்ஸ் எடுத்த தேதியைக் காட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு சான்று வாங்கிட்டு வரச் சொல்லு, இங்க டிரைவிங் டெஸ்ட்டுக்கு அந்த அனுபவத்தைக் கணக்குல எடுத்துக்குவாங்க.

வந்ததும் நேரா எங்க வீட்டுக்குத்தான் வரணும். மேல ஒரு ரூம் சும்மாதான் இருக்குது, வீடு அமையற வரைக்கும் இருந்துக்கலாம். அண்ணன்கிட்டயும் நான் பேசிடறேன். அந்த ஆள் ஏதாவது பேப்பர் அனுப்பியிருந்தா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்புல எனக்குப் போட்டுவிடு, உங்க மாமாவும் நானும் வரி வரியாப் படிச்சுட்டுச் சொல்றோம்.