ஹவாய்க்கு அடியில் இருப்பது என்ன?

கேள்வி: ஐயா, நமக்கு எதிர்க்கரையிலுள்ள சுமத்ராவின் எரிமலைகள் புவியின் மேலோட்டைத் தாங்கி நகரும் பெரும் பாறைத் தட்டுகளின் விளிம்பில் உருவானவை என்று படித்தேன். பசிபிக் தட்டின் நடுவே இருக்கும் ஹவாயில் எரிமலைகள் எப்படி வந்தன?
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: ஓரிடத்தில் நிலைத்திருக்கும் வெப்பப்புள்ளியின் (தட்டுக்கு அடியிலிருந்து எரிமலைகளை உண்டாக்கும் சூடான இடத்தின்) மேல் தட்டு நகர நகர, தீவுகள் வரிசையாகப் பிறக்கின்றன என்று புவி இயற்பியலாளர் டூசோ வில்சன் 1963-இல் கூறினார். புவியின் மேலோட்டுக்கும் உள்ளகத்துக்கும் இடையிலுள்ள மூடகத்தில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து சூடான பாறை தூணாக மேலெழுவதே அதற்குக் காரணம் என்று புவி இயற்பியலாளர் ஜேசன் மோர்கன் 1971-இல் விளக்கினார். அந்தப் பாறை குழம்பாக அல்ல, திண்மமாகவே மெல்ல ஏறுகிறது. மேலே அழுத்தம் குறையும்போதுதான் அதில் ஒரு பகுதி உருகுகிறது.

டான் ஆண்டர்சன், ஜில்லியன் ஃபோல்ஜர் முதலிய ஆய்வாளர்கள் இந்தத் தூண் விளக்கத்தை ஏற்கவில்லை. இழுவிசையால் தட்டு விரிசல் காணும் இடங்களில், அதிக ஆழமில்லாத பாறை உருகி வெளியேறுவதே போதிய விளக்கம் என்பது அவர்கள் வாதம்.

எரிகுழம்பு குளிரும்போது அதிலுள்ள காந்தத் துகள்கள், அட்சரேகைக்கேற்ப மாறும் புவிக்காந்தச் சாய்வை அப்படியே பதிந்துகொள்கின்றன. ஹவாய்க்கு வடமேற்கே, அதே வெப்பப்புள்ளியில் பிறந்தவையாகக் கருதப்படும் எம்பரர் கடல்மலைகளில் 2001-இல் துளையிட்டு எடுத்த பாறைகளில் அந்தச் சாய்வை அளந்தபோது, அவை இன்றைய ஹவாயைவிட வெகு வடக்கே உருவானவை என்று தெரிந்தது. ஆகவே வெப்பப்புள்ளியும் நகர்ந்திருக்கிறது. இது மோர்கனின் மூலக் கருத்தைத் திருத்துகிறதே தவிர, வீழ்த்திவிடவில்லை. நிலநடுக்க அலைகளைக் கொண்டு 2015-இல் வெளியான புவியின் உட்புற உருவரைவும், ஹவாய் உட்படப் பல வெப்பப்புள்ளிகளின் கீழ் ஆழத்திலிருந்து எழும் அகன்ற தூண்களைக் காட்டியது. ஹவாயைப் பொறுத்தவரை தூண் விளக்கமே வலுவானது என்று கருதுகிறேன். ஆனால் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் போன்ற இடங்களில் விவாதம் இன்னும் தொடர்கிறது.