அண்ணாவுக்கு நாங்கள் கதைப்பது கேட்குமா?

கேள்வி: நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்ட என் அண்ணா மூன்று மாதமாகப் படுக்கையில். கண்ணைத் திறக்கிறார், மூடுகிறார், கூப்பிட்டால் ஒரு அசைவும் இல்லை. உள்ளுக்குள் நினைவு இருக்கிறதா என்று வெளிநாட்டில் மூளையை ஸ்கேன் எடுத்தே கண்டுபிடிக்கிறார்களாம். உப்புவெளிக் காணியை விற்றாவது கொண்டுபோவோம் என்கிறா அம்மா. என்ன செய்ய? (வாசகி, திருகோணமலை)

பதில்: தங்கச்சி, காணியை இப்போதைக்கு விற்க வேண்டாம்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். 2006இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் என்பவரின் குழு, வாகன விபத்தில் அடிபட்டு மாதக்கணக்காக எந்தப் பதிலும் இல்லாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை எம்.ஆர்.ஐ மெஷினுக்குள் வைத்து, "டென்னிஸ் ஆடுவதாக நினையுங்கள்", "உங்கள் வீட்டு அறைகளுக்குள் நடப்பதாக நினையுங்கள்" என்று சொல்லிப் பார்த்தது. நல்ல சுகமாக இருப்பவர்களுக்கு மூளையில் எந்தெந்த இடம் வேலை செய்யுமோ, அவருக்கும் அதே இடங்கள் வேலை செய்தன. 2024இல் வந்த பெரிய ஆய்வில், கட்டிலருகே கேட்டால் ஒன்றுக்குமே பதில் தராத 241 பேரில் 60 பேர் எம்.ஆர்.ஐயிலோ, தலையில் வயர் ஒட்டி எடுக்கும் ஈ.ஈ.ஜியிலோ பார்த்தபோது சொன்னதை மனசுக்குள் செய்திருக்கிறார்கள், அதாவது நாலு பேரில் ஒருவர். ஆகவே அண்ணாவுக்குக் கேட்கலாம் என்று வைத்துக்கொண்டே பக்கத்தில் இருந்து கதையுங்கள், அவருக்கு முன்னால் செலவுக் கணக்கும் சண்டையும் வேண்டாம்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. கட்டிலிலேயே சொன்னதைச் செய்து காட்டிய 112 பேரை அந்த மெஷின்களில் பார்த்தபோது 43 பேருக்குத்தான் அங்கேயும் பதில் தெரிந்தது. நினைவு இருக்கிறவர்களிலேயே பாதிக்கு மேல் தவறிப்போகிற சோதனை அது. காணியை விற்றுக் கொண்டுபோய், அங்கே ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் அம்மா உடைந்துபோவா, அண்ணாவைப் பற்றியோ புதிதாக ஒன்றும் தெரிந்திராது. தெரிகிறது என்று சொன்னாலும் அது மருந்து இல்லை, திரும்பி வந்து இதே பராமரிப்புத்தான்.

இங்கேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நினைவில்லை என்று எழுதப்பட்டவர்களை ஒழுங்கான முறையில் பரிசோதித்தால் 100இல் 40 பேரளவில் கொஞ்சமாவது நினைவு இருப்பது 2009இல் வந்த ஒரு ஆய்வில் தெரிந்தது. ஒரு சீ.ஆர் கொப்பி வாங்குங்கள். நிமிர்த்தி உட்கார வைத்திருக்கும் நேரத்தில், ரேடியோவை நிறுத்திவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரே பிடித்து மெதுவாக இடம் வலம் நகர்த்துங்கள். கண் கூடவே வருகிறதா? "கையைப் பிடி" என்று கேட்காதீர்கள், உள்ளங்கையில் எது பட்டாலும் விரல் தானாகவே மடங்கலாம். "பெருவிரலை நிமிர்த்து" என்று கேட்டு, பத்து எண்ணும் மட்டும் பொறுத்திருங்கள். எத்தனை தரம் கேட்டீர்கள், எத்தனை தரம் செய்தார், எந்த நேரம், எல்லாம் எழுதுங்கள். போனில் வீடியோவும் எடுத்து டொக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் டொக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். தூக்கம் வரவைக்கும் மருந்து ஏதும் போகிறதா? மூளைக்குள் நீர் தேங்கியிருக்கிறதா, வெளியே தெரியாத வலிப்பு இருக்கிறதா? (இவற்றை முதலில் சாதாரண சி.டி. ஸ்கேனிலும் ஈ.ஈ.ஜியிலும் பார்க்கலாம்.) அமன்டடின் கொடுத்துப் பார்க்கலாமா? விபத்து நடந்து 4 முதல் 16 வாரத்துக்குள் இருந்த 184 பேரில் அந்த மருந்தைச் சோதித்தார்கள், 2012இல் முடிவு வந்தது, மருந்து எடுத்த நாலு வாரத்தில் தேறும் வேகம் கூடியிருந்தது. அண்ணா இன்னும் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறார். வலிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள், அதனால் பாமசியில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

கேள்வி: கட்டடத்தால விழுந்த எங்கட வாப்பாவுக்கு சி.டி.யில் ஒன்றுமில்லை என்கிறார்கள். அப்படியென்றால் ஏன் எழும்பவில்லை? (வாசகர், கிண்ணியா)

பதில்: சி.டி. முக்கியமாக இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். தலை வேகமாக உலுக்கப்படும்போது நரம்பு இழைகள் மூளை முழுக்க அங்கங்கே அறுந்துபோகலாம், அது சி.டி.யில் பெரும்பாலும் தெரியாது. அதன் அடையாளமான சின்னச் சின்னக் கசிவுகள் எம்.ஆர்.ஐயில், அதிலும் கசிவைக் காட்டவென்றே எடுக்கும் எஸ்.டபிள்யூ.ஐ (SWI) என்ற படத்தில் நன்றாகத் தெரியும், அதைக் கேட்டு எடுப்பியுங்கள். அதில் நிறையப் புள்ளி தெரிந்தாலும் உடனே கைவிட வேண்டாம், அப்படியிருந்தும் தேறியவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: மயக்கத்தில் இருக்கும் கணவரின் காதருகே நாள் முழுக்கத் தேவாரம் போட்டுவிடலாமா? (வாசகி, தம்பலகாமம்)

பதில்: நாள் முழுக்க வேண்டாம் அக்கா. பத்து நிமிஷம் போடுங்கள், நிறுத்துங்கள், அவர் முகத்தைக் கவனியுங்கள். இரவில் போனையும் லைட்டையும் அணைத்துவிடுங்கள், அந்த மூளைக்குத் தூக்கமும் வேண்டும்.