பிரெஞ்சு ஓவியர் டெலக்ரோவாவோட 'மக்களை வழிநடத்தும் சுதந்திரம்' ஓவியத்துல கொடி பிடிச்சுட்டு வர்ற அந்தப் பொண்ணு நிஜமாவே வாழ்ந்தவங்களா?

இல்லைங்க, சுதந்திரம்ங்கிற கொள்கைக்கே ஒரு பொண்ணு உருவம் குடுத்திருக்காரு. நிறைய பேர் இதை 1789 பிரெஞ்சுப் புரட்சின்னு நினைச்சுக்கறாங்க, ஆனா இது 1830 ஜூலைல பாரிஸ் தெருக்கள்ல மூணு நாள் சண்டை நடந்து பத்தாம் சார்லஸ் ராஜா பதவியை விட்டு ஓடுனாரே, அது.

படத்தை ஜூம் பண்ணி அவங்க தலையைப் பாருங்க, ஒரு தொப்பி இருக்கும், பழைய ரோம்ல விடுதலையான அடிமைங்க போட்டுக்கிட்ட தொப்பியை நினைச்சு 1789 புரட்சிக்காரங்க எடுத்துக்கிட்டது, 1792ல அப்போதைய ராஜாவைப் பதவியிலருந்து இறக்கிட்டு குடியரசு முத்திரைல வச்சதும் ஈட்டி முனைல இதே தொப்பியை மாட்டிட்டு நிக்கிற ஒரு பொண்ணைத்தான். எனக்கு ரொம்பப் பிடிச்சதே டெலக்ரோவா அவங்களை மேகத்து மேல நிக்க வைக்காததுதான், வெறுங்கால், ஒரு கைல மூவர்ணக் கொடி, இன்னொன்னுல முனைல கத்தி (பயனெட்) மாட்டுன துப்பாக்கி, காலடில பிணங்க, அக்குள் முடியைக் கூட மறைக்கல, 1831 கண்காட்சில விமர்சகர்கள் முகம் சுளிச்சாங்க. புது அரசாங்கமே படத்தை வாங்குச்சு, ஆனா ஜனங்களை மறுபடி தூண்டி விட்டுடும்னு பயந்து கொஞ்ச நாள்லயே கண்ணுல படாம வச்சிடுச்சு. 1874லருந்து பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல இருக்கு. பிரான்ஸ் டவுன்ஹால்கள்ல பாக்குற, அந்தக் குடியரசோட அடையாளமான மரியான்ங்கிற பொண்ணு சிலையும் இதே வழில வந்ததுதான்.